கரண்ட் வந்த பிறகு

2012 மின்வெட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு ஞாபகம் சொல்வார்கள். மோட்டார் ஓடாமல் பயிர் கருகியது, மாவு மில் வாசலில் தூக்குவாளியோடு காத்துக் கிடந்தது, பிளஸ் டூ பிள்ளைகள் எமர்ஜென்சி விளக்கில் படித்தது. எனக்கு முதலில் ஞாபகம் வருவது கரண்ட் திரும்பி வந்ததற்கு அடுத்த ஐந்து நிமிடம். என் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்த ஐந்து நிமிடத்தைச் சரிசெய்யப் போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

பொன்னமராவதிக்கு வெளியே ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஏறக்குறைய 40 கணினிகள், எல்லாவற்றிலும் விண்டோஸ் எக்ஸ்பி. மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு சர்வர். சர்வீஸ் இன்ஜினியர் வேண்டுமென்றால் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரவேண்டும்; வரும் நாள் அவர் சௌகரியம். அதனால் வயர் கழன்றாலும் நான்தான், சர்வர் படுத்தாலும் நான்தான்.

ஆய்வகத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் இரண்டு காரியம் செய்திருந்தார்கள். ஒன்று, எல்லாக் கணினிகளிலும் டீப் ஃப்ரீஸ். கனடாவின் ஃபரோனிக்ஸ் நிறுவனத்து மென்பொருள் அது. அதைப் போட்டுவிட்டால் பகலெல்லாம் யார் என்ன செய்திருந்தாலும், வைரஸே ஏறியிருந்தாலும், ரீஸ்டார்ட் ஆனதும் கணினி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பல பேர் கை படும் இடத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அன்றைக்கு இல்லை. ஆனால் வைரஸோடு சேர்ந்து, மாணவர் அடித்து வைத்ததும் போய்விடும். அதற்காக இரண்டாவது காரியம்: துறைக்கு ஒரு லாகின், சர்வரில் துறைக்கு ஓர் இடம், அதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர். லாகின் செய்ததும் அந்த இடம் இசட் டிரைவாக வந்து நிற்க வேண்டும். எழுத்துகளின் கடைசியில் இருக்கிற இசட்டைப் பிடித்ததற்கும் காரணம் உண்டு. எஃப், ஜி என்று வைத்தால் பென் டிரைவ் செருகும்போது அதே எழுத்துக்கு இரண்டும் போட்டி போடும். எக்ஸ்பியில் பென் டிரைவ் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

கணினிக்கென்று நினைவு கிடையாது. இசட் ஒன்றுதான் நினைவு. காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத ஏற்பாடு. கரண்ட் போகாத ஊருக்காக யோசித்த ஏற்பாடு என்பது மட்டும்தான் விஷயம். அந்த வருடம் பிப்ரவரி கடைசியிலிருந்து சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேர மின்வெட்டு, மற்ற ஊர்களுக்கு 4 மணி நேரம் என்பது அறிவிப்பு. வருடக் கடைசியில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லாத நேரத்தைவிட இருந்த நேரத்தை எண்ணுவது சுலபமாக இருந்தது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும்.

கரண்ட் வந்ததும் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் பிள்ளைகள் பொத்தானை அழுத்திவிடுவார்கள். எக்ஸ்பி ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும். சர்வர் அப்படி எழாது. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து திடீரென்று நின்றிருந்தால், முதலில் தன் ஹார்ட் டிஸ்க்குகளைச் சரிபார்க்கும், பிறகு ஒவ்வொரு சேவையாகத் தொடங்கும். ஐந்தாறு நிமிடம் ஆகும். இடையில் இருக்கிற நெட்வொர்க் சுவிட்சுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒரு போர்ட்டில் கணினி தெரிந்ததும் உடனே திறந்துவிடாது. கேபிள்கள் எங்காவது வட்டமாகச் சுற்றி மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று கவனித்துவிட்டு, 30 வினாடி கழித்துத்தான் வழிவிடும். ஸ்பானிங் ட்ரீ என்பார்கள். இத்தோடு எக்ஸ்பியின் அவசரமும் சேரும். சீக்கிரம் திறந்த மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக, நெட்வொர்க் வருவதற்கு முன்பே பழைய பாஸ்வேர்டை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு ஆளை உள்ளே விட்டுவிடும். இலை போடுவதற்கு முன்பே பந்தியில் உட்கார்ந்த மாதிரிதான். இசட்டை மாட்ட வேண்டிய பேட்ச் ஃபைல் ஓடும், சர்வரைத் தேடும், காணாது, முடிந்துவிடும். மறுபடி முயற்சி செய் என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

எங்கள் பக்கம் தமிழ் படிக்கிற பிள்ளைகள் அதிகம். மேலைச்சிவபுரியில் 1909-இல் தொடங்கிய சன்மார்க்க சபையும், அங்குள்ள கணேசர் செந்தமிழ்க் கல்லூரியும், வ.சுப. மாணிக்கம் பிறந்த ஊர் அது என்பதும் இந்த வட்டாரத்துக்குப் பெருமை. அப்போது எம்.ஃபில். ஆய்வேட்டைத் தாங்களே தட்டச்சு செய்ய ஆய்வகத்துக்கு வருவார்கள். பெரும்பாலும் பாமினி எழுத்துரு. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்திலேயே அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டாலும், டிடிபி சென்டரில் பாமினிதான் புழங்கியது. ஆய்வேடு கடைசியில் அச்சுக்குப் போகும் இடம் அதுதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்குப் பென் டிரைவில் கொண்டுபோனால் ஷார்ட்கட் வைரஸோடு திரும்பும். ஃபோல்டரெல்லாம் மறைந்து, அதே பெயரில் குட்டிக் குட்டி ஷார்ட்கட்டாக நிற்கும். உள்ளே ஃபைல் பத்திரமாகத்தான் இருக்கும், மறைவை நீக்க ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் பார்க்கிற பிள்ளைக்கு உயிர் போய்விடும். ஆகவே ஆய்வேடு அடிக்கிறவர்களுக்கு இசட்டைவிடப் பாதுகாப்பான இடம் வேறு இல்லை.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்து நின்றாள். காரையூர்ப் பக்கம் ஊர். இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை.

"சார், நேத்து சாயங்காலம் வரைக்கும் அடிச்சேன் சார். மூணாவது இயல். இப்ப ஃபைலே இல்ல."

"இசட்லதானம்மா வச்சே?"

"கரண்ட் வந்தப்புறம் இசட்டக் காணோம் சார். அதான் மை டாக்குமென்ட்ஸ்ல வச்சுட்டுப் போனேன்."

அதற்கு மேல் அவள் சொல்ல எதுவும் இல்லை, எனக்குக் கேட்கவும் எதுவும் இல்லை. மாலையில் கணினியை அணைத்த கணத்திலேயே மூன்றாவது இயல் போய்விட்டது. டீப் ஃப்ரீஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. எக்ஸ்பி தன் வேலையைச் செய்திருந்தது. சுவிட்ச் தன் 30 வினாடியைச் சரியாக எண்ணியிருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே சரி. சேர்ந்து ஒரு பிள்ளையின் ஒரு நாள் உழைப்பை அழித்துவிட்டன. அவள் கையெழுத்துப் பிரதியை எடுத்துவைத்து மறுபடி முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். பாமினியில் அவள் விரல் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே, அன்றைக்கே நான் அந்தப் பேட்ச் ஃபைலைத் திறந்து உட்கார்ந்தேன்.

முதலில் வயரிங். சர்வர் யுபிஎஸ்ஸில் இருந்தது, சுவிட்ச் நேரடியாகச் சுவர் பிளக்கில் இருந்தது. இதைப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். சர்வரைக் காப்பாற்றுவார்கள், அதற்குப் போகும் வழியைக் காப்பாற்றமாட்டார்கள். சுவிட்சையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். கணினிகள் மாட்டியிருக்கும் போர்ட்டுகளுக்கு 30 வினாடிக் காத்திருப்பு தேவையில்லை என்று சுவிட்சில் அமைப்பை மாற்றினேன். யுபிஎஸ்ஸோடு வந்த சீரியல் கேபிள் பிரிக்காத கவரிலேயே கிடந்தது. அதைச் சர்வரில் செருகியதும், பேட்டரி தீரும் நேரம் யுபிஎஸ்ஸே சொல்லிவிடும். சர்வர் முறையாக அணைந்துகொள்ளும். முறையாக அணைந்தால் எழும்போது டிஸ்க் சோதனை இல்லை. அதிலேயே பாதி நேரம் மிச்சம். பயாஸில் ‘கரண்ட் வந்தால் என்ன செய்ய வேண்டும்’ என்று ஓர் இடம் உண்டு. சர்வருக்கு ‘தானே எழு’ என்றும், கணினிகளுக்கு ‘ஆள் எழுப்பும்வரை சும்மா இரு’ என்றும் வைத்தேன். சர்வரிலிருந்தே எல்லாக் கணினிக்கும் விதி போடும் குரூப் பாலிசியில், லாகினுக்கு முன் நெட்வொர்க்குக்காகக் காத்திரு என்ற அமைப்பையும் போட்டேன்.

பிறகு ஸ்கிரிப்ட், அதாவது அந்தப் பேட்ச் ஃபைல். பழையது ஒரே வரி, ‘நெட் யூஸ்’ என்று தொடங்கும். புதியதில் வரிகள் கூடின, ஆனால் எண்ணம் சின்னது. ‘இருக்கிறாயா’ என்று சர்வருக்கு ஒரு பிங் அனுப்பு. பதில் இல்லையா, 15 வினாடி பொறு, மறுபடி அனுப்பு. பதில் வந்தால் இசட்டை மாட்டு. மாட்டியதும் உள்ளே ஒரு சிறு ஃபைலை எழுதிப் பார். எழுத முடிந்தால்தான் மாட்டியதாக அர்த்தம். பிங்குக்குப் பதில் சொல்லும், ஆனால் ஃபைல் சேவை இன்னும் தொடங்கியிருக்காது என்ற நிலை சர்வரில் சில நிமிடம் உண்டு; அந்த இடைவெளியில்தான் பல ஸ்கிரிப்டுகள் ஏமாறும். இசட் வரும்வரை திரைப் பின்னணி முழுக்கச் சிவப்பு. அதில் பெரிய எழுத்தில்: "இசட் வரவில்லை. எதையும் சேமிக்காதீர்கள். பொறுங்கள்." படமாகச் செய்து வைத்ததால் எழுத்துருப் பிரச்சினை இல்லை. இசட் வந்ததும் பின்னணி வழக்கமான நீலத்துக்கு மாறும்.

அந்தச் சிவப்புத் திரையை நான் இன்றும் உயர்வாகவே நினைக்கிறேன். கணினியை நிர்வகிக்கிறவர்கள் ஒன்று தானாகச் சரியாகிவிட வேண்டும் என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் ஆங்கிலத்தில் ஒரு எண்ணோடு பிழைச் செய்தி காட்டுவார்கள். சரியாகாமல் இருக்கிற அந்த இடைப்பட்ட நேரத்தில் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று அவர் மொழியில் சொல்வதும் நிர்வாகத்தில் சேர்ந்ததுதான். பிள்ளைகள் அதற்கு உடனே பழகிவிட்டார்கள். "இன்னும் செவப்பாத்தான் இருக்கு சார்" என்று குரல் வரும். நீலம் வரும்வரை யாரும் எதையும் அடிக்கமாட்டார்கள்.

அடுத்தது கடிகாரம். இதைத்தான் நான் வெகு நாள் துரத்தினேன். சில கணினிகளில் மட்டும், காலையில் மட்டும், லாகினே ஆகாது. நேரமோ தேதியோ ஒத்துப்போகவில்லை என்று சொல்லும். பார்த்தால் கணினியின் தேதி பல வருடம் பின்னே போய் நிற்கும். கணினிகளை ஒரு சர்வரின் கீழ் சேர்த்து வைக்கும் விண்டோஸ் டொமைனில், ஆளை அடையாளம் காணும் முறைக்குக் கெர்பரோஸ் என்று பெயர். 1980-களில் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவாக்கியது. யாரோ பழைய அனுமதிச்சீட்டைத் திருடி மறுபடி நீட்டிவிடக் கூடாது என்பதற்காக, அது ஒவ்வொரு சீட்டிலும் நேரம் குறிக்கும். கணினிக்கும் சர்வருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்காது.

தேதி ஏன் பின்னே போகிறது? மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்துக்குக் கொஞ்சம் சிறிய பேட்டரி இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் பிளக்கில் கரண்ட் இருந்தால் கடிகாரம் அதிலேயே ஓடும். பேட்டரிக்கு வேலையே இல்லை. அதனால்தான் மற்ற இடங்களில் அந்தப் பேட்டரி ஐந்தாறு வருடம் தாங்கும். எங்கள் ஆய்வகத்திலோ அட்டெண்டர் அண்ணன் தினமும் சாயங்காலம் மெயினை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"ராத்திரி ஷார்ட் சர்க்யூட் ஆயிருச்சுன்னா யாரு தம்பி பதில் சொல்றது?"

அவர் சொல்வது நியாயம். பழைய கட்டடம், பழைய வயரிங். ஆக இரவு முழுவதும், பகலில் மின்வெட்டு நேரம் முழுவதும், லீவு நாள் முழுவதும் அந்தப் பொட்டு பேட்டரிதான் நேரத்தைச் சுமந்தது. மற்ற ஊரில் பல வருடம் வருவது இங்கே சீக்கிரமே செத்தது. மெயினை இறக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணினி எழுந்ததும், லாகினுக்கு முன்பே, சர்வரிடம் நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்படி ஒரு தொடக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். திருத்துவதற்கு முன் தேதி எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதையும், கணினியின் பெயரையும் சர்வரில் ஒரு ஃபைலில் அது குறித்து வைக்கும். மாதக் கடைசியில் அந்த ஃபைலைத் திறந்தால் எந்தெந்தக் கணினிக்குப் பேட்டரி வாங்க வேண்டும் என்ற பட்டியல் தயாராக இருக்கும். வாட்ச் கடையில் கிடைக்கிற சாமான்தான்.

மாற்றுகிற நாளையும் மின்வாரியமே குறித்துக் கொடுத்தது. துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் செய்தி வரும். காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிவரை கரண்ட் இருக்காது, இன்னின்ன ஊர்கள் என்று வரிசையாகப் போட்டிருக்கும். அந்த நாள்தான் எனக்கும் பராமரிப்பு நாள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து செம்மண் புழுதியைப் பிரஷ்ஷால் தள்ளுவேன். எங்கள் மாவட்டத்துப் புழுதி மெல்லியது, ஃபேன் இறக்கையில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறக் கால்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு மறுபடி மாட்டினால், ‘பீப்... பீப்...’ என்று கத்திக்கொண்டிருந்த கணினி எழுந்துவிடும். இந்த வைத்தியம் இந்தியாவில் கணினி பழுதுபார்க்கிற எல்லோருக்கும் தெரியும். இதை எந்த ஸ்கிரிப்டாலும் செய்ய முடியாது என்பதாலேயே, ஸ்கிரிப்ட் செய்யக்கூடியதை எல்லாம் ஸ்கிரிப்டிடம் விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கை தேவைப்படும் வேலைக்குக் கை மிச்சமிருக்க வேண்டும்.

அன்றாட வேலைகளின் கதை வேறு. தற்காலிக ஃபைல்களைக் கூட்டிப் பெருக்குவது, டிஸ்க்கை ஒழுங்குபடுத்துவது, ஆன்டிவைரஸுக்குப் புதிய பட்டியல் ஏற்றுவது, விண்டோஸ் அப்டேட். இவையெல்லாம் அதிகாலை 2 மணிக்கோ 3 மணிக்கோ ஓடும்படி அமைத்திருந்தார்கள். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். ஆள் இல்லாத நேரம், யாருக்கும் தொந்தரவில்லை. எங்கள் ஆய்வகத்தில் அதிகாலை 2 மணிக்கு மெயின் இறங்கியிருக்கும். அமைத்த நாளிலிருந்து ஒரு நாளும் ஓடியதில்லை. திரையில் பார்த்தால் எல்லாம் ‘திட்டமிடப்பட்டது’ என்றே காட்டும். அதை நம்பி இருந்துவிடலாம்.

இதற்கு யூனிக்ஸ்காரர்கள் வெகு முன்பே விடை கண்டிருந்தார்கள். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரான் உண்டு. குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தொடங்கும். அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அவ்வளவுதான், வேலை தவறியது தவறியதுதான். இரவும் பகலும் ஓடும் பெரிய கணினிகளுக்கு அது போதுமாயிருந்தது. பிறகு லினக்ஸ் வீட்டுக் கணினிகளுக்கு வந்தபோது அனாக்ரான் என்று ஒன்று எழுதினார்கள். அது மணியைப் பார்ப்பதில்லை. இந்த வேலை கடைசியாக எப்போது நடந்தது, எத்தனை நாளாயிற்று என்று பார்க்கும். காலம் கடந்திருந்தால் கணினி எழுந்ததும் கொஞ்சம் பொறுத்துச் செய்துவிடும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டாஸ்க் ஷெட்யூலரிலும் இதற்கு ஒரு டிக் உண்டு: தவறிய வேலையை முடிந்தவுடன் செய். எக்ஸ்பியில் அது இல்லாததால், கடைசியாகச் செய்த தேதியைச் சர்வரில் எழுதி வைத்து, எழும்போதெல்லாம் அதைப் படித்துப் பார்க்கும்படி நானே எழுதிக்கொண்டேன். எழுதி முடித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. எங்கள் ஊர்க் கணினிக்குக் கடிகாரத்தை நம்பி வேலை கொடுக்கக்கூடாது. நடக்கிற காரியத்தில் கோத்துவிட வேண்டும்: கரண்ட் வந்தது, நெட்வொர்க் வந்தது, ஆள் உள்ளே வந்தார், மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனார். இவை எப்போது நடக்கும் என்று தெரியாது, ஆனால் நடக்கும்.

டீப் ஃப்ரீஸ் இருந்ததால், டிஸ்க்கில் நிலைக்க வேண்டிய வேலைகளுக்கு, முக்கியமாக அப்டேட்டுக்கு, தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. உறைந்த கணினியில் அப்டேட் போட்டால் ரீஸ்டார்ட்டில் அதுவும் போய்விடும். உருக்கி, போட்டு, மறுபடி உறையவைக்க வேண்டும். இதற்குக் கொன்னையூர் மாரியம்மன் பங்குனித் திருவிழாவைவிடத் தோதான சமயம் கிடைக்காது. ஆய்வகத்தில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். பூச்சொரிதலுக்குப் போகாதவர்கள் குறைவு. செமஸ்டர் லீவுக்கு முந்தைய வாரமும் அப்படித்தான்.

இன்டர்நெட்டும் இடம் கொடுக்க வேண்டுமே. எக்ஸ்பியின் மூன்றாவது சர்வீஸ் பேக் மட்டும் 300 எம்பிக்கு மேல். 512 கேபிபிஎஸ் லைனில் இடைவிடாமல் இறங்கினாலே 80 நிமிடம். 40 கணினியும் தனித்தனியே கேட்டால் இரண்டு பகல், இரண்டு இரவு லைன் அதற்கே சரியாகிவிடும். மைக்ரோசாஃப்ட் 2005-இல் வெளியிட்ட டபிள்யூஎஸ்யூஎஸ் இதற்காகவே இருக்கிறது: சர்வர் ஒரு முறை இறக்கி வைத்துக்கொள்ளும், கணினிகள் அதனிடம் வாங்கிக்கொள்ளும். காசு கிடையாது. சின்ன ஊர்க் கல்லூரிகளுக்கு இது எத்தனை பெரிய உதவி என்பது பலருக்குத் தெரியாமலே போயிற்று. இன்னொரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். டொமைனில் சேர்ந்த கணினியும் சர்வரும் 30 நாளுக்கு ஒருமுறை தமக்குள் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும். உறைந்த கணினி மறுநாள் பழைய பாஸ்வேர்டோடு எழும். நாளடைவில் சர்வர் ‘உன்னைத் தெரியாது’ என்றுவிடும். அந்த மாற்றத்தை நிறுத்திவைத்த பிறகுதான் அது ஓய்ந்தது.

பாஸ்வேர்டு என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. டிரைவ் மாட்டும் பேட்ச் ஃபைலுக்குள் அட்மின் பாஸ்வேர்டையே எழுதி வைத்திருக்கிற அலுவலகங்கள் இன்றும் உண்டு. நோட்பேடில் திறந்தால் யாருக்கும் தெரியும். குரூப் பாலிசியில் பாஸ்வேர்டை மறைத்து வைக்கும் வசதி ஒன்றை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தது. அதன் திறவுகோல் பொதுவெளியில் கிடைத்ததால் 2014 மே மாதம் அந்த வசதியையே நிறுத்தினார்கள். உள்ளே வந்த ஆளின் உரிமையிலேயே டிரைவ் மாட்டப்பட வேண்டும். அதற்கு மேல் உரிமை தேவைப்பட்டால் சர்வரில் உரிமையை அமைத்தது தவறு என்று பொருள்.

மூன்றாவது இயலை மறுபடி அடித்த அந்தப் பெண் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது ஆய்வகம் விண்டோஸ் 7-க்கு மாறியது. அதையடுத்து நானும் ஒரு நிறுவன வேலைக்காகச் சென்னைக்குப் போனேன்.

அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள். ஒரு கட்டளையில் அத்தனையிலும் மென்பொருள் ஏற்றலாம். அதன் பலமும் பயமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. 2024 ஜூலை 19 அன்று, நம் நேரப்படி காலை 9.39-க்கு, க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு பிழையான ஃபைல் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்திவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் விழுந்த கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆள் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆய்வகத்தில் இருந்தபோது புதியது எதையும் முதலில் ஒரு கணினியில், பிறகு ஜன்னலோரத்து ஒரு வரிசையில், ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றில் என்று வைத்திருந்தேன். பெரிய இடங்களில் இதற்குப் பெரிய பெயர்கள் இருக்கின்றன. முறை அந்த ஒரு வரிசைதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் லேப்டாப்போடு ஊருக்கு வந்துவிட்டேன். மாடி அறையில், செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை. அந்த வாரமே எங்கள் நிறுவனத்து ஆட்களிடமிருந்து புகார்கள் குவிந்தன: டிரைவைக் காணோம். காரணத்தைக் கேட்டதும் எனக்குப் பொன்னமராவதி ஆய்வகம்தான் கண்முன் வந்தது. அலுவலகத்தில் ஆள் உட்காரும்போதே நெட்வொர்க் இருக்கும். வீட்டில் ஆள் முதலில் உள்ளே வருகிறார், பிறகுதான் அலுவலக நெட்வொர்க்கோடு சேர்க்கும் விபிஎன்னை இணைக்கிறார். லாகின் நேரத்தில் ஓடிய ஸ்கிரிப்ட் சர்வரைத் தேடி, காணாமல், முடிந்திருக்கும். கரண்ட் போய் வந்த கணினியின் அதே கதை, உலகம் முழுவதும் ஒரே வாரத்தில். விண்டோஸ் 10-இல் எனக்கு அன்று கிடைக்காத வசதி இருந்தது. நெட்வொர்க் இணைந்ததும் கணினி தன் குறிப்பேட்டில் 10000 என்ற எண்ணில் ஒரு பதிவு போடும். அந்தப் பதிவு விழுந்தால் இந்த வேலையைச் செய் என்று ஷெட்யூலரிடம் சொல்லிவிடலாம். லாகினில் கோத்திருந்ததை அவிழ்த்து அதில் கோத்தோம். சர்வர் பதில் சொல்லும்வரை பொறு, மாட்டு, எழுதிப் பார் என்ற மூன்றும் ஆய்வகத்து வரிசையிலேயே போயின. புகார்கள் அடங்கின.

இப்போது அந்த ஆய்வகத்தை, முன்பு அங்கேயே படித்த ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, இன்டெலில் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது கேட்கிறது. அங்கே இருப்பவை அதற்கு முந்தையவை, ஆனால் நன்றாக ஓடுகின்றன. தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சந்தோஷம். போன வாரம் போன் செய்தாள்.

"அண்ணே, கரண்ட் வந்து ஆன் பண்ணுனா ஒன்றரை நிமிஷம் அப்படியே நிக்குதுண்ணே. ஏதோ ஸ்டார்ட் ஜாப் ஓடுதுன்னு வருது."

"எஃப்எஸ்டேப்ல சர்வர் ஷேரைப் போட்ருக்கியா?"

"ஆமாண்ணே."

எஃப்எஸ்டேப் என்பது லினக்ஸ் எழும்போது எதை எங்கே மாட்ட வேண்டும் என்ற பட்டியல். அந்த 90 வினாடி, லினக்ஸின் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி, சர்வர் ஷேர் மாட்டுவதற்காகக் காத்திருக்கும் நேரம். சர்வர் இன்னும் எழவில்லை, கணினி அதற்காக வாசலில் நிற்கிறது. ‘நோஃபெயில்’ என்று சேர்த்தால் ஷேர் இல்லாவிட்டாலும் கணினி எழுந்துவிடும். ‘ஆட்டோமவுண்ட்’ என்று சேர்த்தால், யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போதுதான் மாட்டும். அப்போது சர்வர் இல்லையென்றால் அடுத்த முறை தொடும்போது மறுபடி முயலும். லூப், பிங், 15 வினாடி எதுவும் இல்லாமல் இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது. பராமரிப்பு டைமர்களில் ‘பெர்சிஸ்டன்ட்’ போட்டால் தவறிய வேலையும் தானே நடக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஷேர் வராத நேரத்தில் பிள்ளைகளுக்குத் திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலண்ணே. காலி ஃபோல்டர்தான் தெரியுது."

அந்தக் காலி ஃபோல்டர்தான் ஆபத்து. அது உள்ளூர் டிஸ்க்கில் இருக்கும் வெறும் ஃபோல்டர். அதில் சேமித்தால் சேமித்த மாதிரியே தெரியும். ஷேர் மாட்டாதபோது யாரும் எழுத முடியாதபடி அதன் அனுமதியை எடுத்துவிடச் சொன்னேன். சிவப்புப் பின்னணியைப் பற்றியும் சொன்னேன். படத்தை அவளே செய்துகொள்வதாகவும், இப்போது யூனிகோடு இருப்பதால் கணினியின் பெயரையும் அதிலேயே தமிழில் காட்டிவிடலாம் என்றும் சொன்னாள். அடுத்த பராமரிப்பு நாளில் முதலில் ஜன்னலோரத்து வரிசையில் மட்டும் போட்டுப் பார்க்கப் போகிறாள்.